ஹெட் ஸ்டட்: பழையதையே போடலாமா, புதுசு வாங்க வேண்டுமா?

பழைய கார் ஒன்றின் இன்ஜினை முழுசாகப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட் என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் ஹெட் ஸ்டட் என்று ஒரு வரி சேர்க்கலாமா வேண்டாமா என்கிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "இத்தனை வருஷம் தாங்கின இரும்பு, அதுக்கு என்ன ஆகப்போகுது" என்பார் ஒருவர். "இவ்வளவு செலவு பண்ணிட்டு இதுல போய் மிச்சம் பிடிக்கலாமா" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேருமே உங்கள் ஸ்டடைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்கிறார்கள். பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால், அது உள்ளே என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட், இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை பிளாக்குக்குள், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடம்புக்குள், ஏறி அப்படியே நிற்கும். மறுமுனை, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வாஷரும் நட்டும் போட்டு டைட் வைப்போம். போல்ட் போட்ட இன்ஜினில் ஹெட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் பிளாக்கின் மரைதான் உரசித் தேயும். ஸ்டட் போட்டால் அந்தத் தேய்மானம் மேலே நட்டோடு முடிந்துவிடும், பிளாக்கின் மரை பிழைத்துக்கொள்ளும். பழைய இன்ஜின்களில் ஸ்டட் அதிகம் இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இனி முக்கியமான விஷயம். ஸ்டட் ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பது இழுபட்டு நிற்பதால். நட்டைத் திருகத் திருக ஸ்டட் கொஞ்சம் நீள்கிறது, நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கிறது, சுருங்கப் பார்க்கிற அந்த விசைதான் ஹெட்டையும், நடுவில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் பிளாக்கோடு சேர்த்து அமுக்குகிறது. ஆக ஸ்டட் ஒரு ஸ்பிரிங், ரொம்ப விறைப்பான ஸ்பிரிங். எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3/8 அங்குல ஸ்டட், நட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே 100 மில்லிமீட்டர் நீளம், 50 அடி-பவுண்டு டார்க் (நட்டைத் திருகும் முறுக்கு விசை) என்று வைத்துக்கொள்வோம். மரை சாதாரண நிலையில் இருந்தால் ஸ்டடில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய மூன்றரை டன். அதற்கு அது நீள்வது சுமார் கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான். அந்தக் கால் மில்லிமீட்டரை நம்பித்தான் கேஸ்கெட் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சிலிண்டரின் உள் விட்டம், அதாவது போர், 80 மில்லிமீட்டர், எரியும்போது உள்ளே உச்ச அழுத்தம் 50 பார் என்றால், ஹெட்டை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட இரண்டரை டன். 3000 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 25 தடவை நடக்கிறது. ஒரு சிலிண்டரைச் சுற்றி நாலைந்து ஸ்டட் இருப்பதால் விசை மிஞ்சவே செய்யும், ஆனால் கேஸ்கெட்டை அமுக்கி அடைப்பது அந்த மிச்ச விசைதான். ஒரு ஸ்டட் சோம்பினால் அதன் பக்கத்தில்தான் முதலில் ஒழுகும்.

ஹெட் அலுமினியம் என்றால் சூடும் சேர்ந்துகொள்கிறது. 100 மில்லிமீட்டர் உயர அலுமினியம் 80 டிகிரி சூடேறும்போது 0.18 மில்லிமீட்டர் வளரும், அதே நீள ஸ்டீல் ஸ்டட் 0.1 கூட வளராது. மீதிக்கும் ஸ்டட்தான் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். இன்ஜின் சூடாகும்போதெல்லாம் கூடுதலாக நீண்டு, ஆறும்போதெல்லாம் திரும்பி வந்து, வருஷக்கணக்கில் இதே வேலை.

எந்த ஸ்பிரிங்கும் ஓர் எல்லை வரை இழுத்தால் திரும்பி வரும், அதைத் தாண்டினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் எண்ணில் 8.8 தர ஸ்டீலுக்கு அந்த எல்லை சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன், 10.9 தரத்துக்குச் சுமார் 900. பழைய இன்ஜின்களுக்குக் கொடுத்த டார்க் அளவுகள் பொதுவாக ஸ்டடை இந்த எல்லைக்குள்ளேயே நிறுத்திவிடும். அதனால்தான் நல்ல நிலையில் இருக்கிற ஸ்டடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. பிற்கால இன்ஜின்களில் வேறு மாதிரி போல்ட் வந்தது: டார்க் வைத்த பிறகு இத்தனை டிகிரி என்று கோணம் பார்த்துத் திருகி, வேண்டுமென்றே எல்லை வரைக்கும் இழுத்துவிடுவார்கள். அவற்றைப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது. "ஹெட் கழற்றினாலே போல்ட் புதுசு" என்கிற விதி அந்த இன்ஜின்களுக்கு உரியது. அதை அப்படியே 1950-கள், 60-கள் இன்ஜினின் ஸ்டட் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் பழைய ஸ்டட் கெடவே கெடாதா? நன்றாகவே கெடும். கம்பெனி டார்க் எல்லைக்குள் நின்றாலும், நடுவில் இந்த இன்ஜினைத் தொட்ட எல்லாக் கையும் டார்க் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேஸ்கெட் லேசாக ஒழுகியபோது "இன்னும் கொஞ்சம் டைட் வை" என்று நீளப் பைப் மாட்டி இழுத்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடி இன்ஜின் கொதித்திருக்கலாம், அப்போது அலுமினியம் ஹெட் அளவுக்கு மேல் வளர்ந்து ஸ்டடை எல்லை தாண்டி இழுத்திருக்கும். துரு இன்னொரு பக்கம். ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினின் பிந்தைய 4.2 லிட்டர் பிளாக்கில் நீள ஸ்டட்கள், கூலன்ட் சுற்றும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளேயே இறங்கிப் போகும், கூலன்ட்டைச் சரியாகக் கவனிக்காத இன்ஜினில் அவை நடுவில் அரித்து மெலிந்துவிடும். ட்ரையம்ப் ஸ்டாக் மாதிரி அலுமினியம் ஹெட் வழியாகச் சாய்வாக ஸ்டட் போகும் இன்ஜின்களில், ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரிப்பெடுத்து ஹெட்டையே மேலே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படி மல்லுக்கட்டிக் கழற்றிய ஸ்டடுக்குப் பரிசோதனையே வேண்டாம், நேராகப் பழைய இரும்புக்குப் போகட்டும்.

மற்றவற்றைப் பார்க்க வேண்டும். வேலை ஹெட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து, ஸ்டட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் நட்டோடு அதனதன் ஓட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். எந்த நட் சந்தேகப்படும்படி சுலபமாகக் கழன்று வந்தது, எது நட்டோடு ஸ்டடையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கேஸ்கெட் எந்த இடத்தில் ஒழுகியது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் பாதி விஷயம் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ஸ்டடை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மரைக்குள் இருக்கும் கரியையும் பழைய பேஸ்ட்டையும் எடுங்கள். சுத்தமான புது நட் ஒன்றை எடுத்து விரலால் மட்டும் மேலிருந்து மரை முடியும் இடம் வரை ஓட்டுங்கள். தடையில்லாமல் ஓடினால் நல்லது. ஒரே இடத்தில் டக்கென்று நின்று, அங்கே அடிபட்ட தழும்பும் தெரிந்தால் அது வெறும் அடி, மரை சுத்தம் செய்தால் சரியாகலாம். ஆனால் வழக்கமாக நட் உட்காரும் இடத்தை நெருங்க நெருங்கப் படிப்படியாக இறுகிக்கொண்டே போய் விரலுக்கு வராமல் நின்றால், அங்கே மரையின் இடைவெளியே நீண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டட் பெரும்பாலும் இழுபடுவது அங்கேதான், நட்டுக்குச் சற்றுக் கீழே, மரையின் பள்ளத்தில், ஏனென்றால் முழு ஸ்டடிலும் உலோகம் குறைவாக இருப்பது அந்த இடம்.

இதை உறுதி செய்ய எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லாதது. அதே மரை கொண்ட புது ஸ்டட் அல்லது போல்ட் ஒன்றைப் பழைய ஸ்டடோடு பக்கவாட்டில் மரையோடு மரை பொருந்தும்படி ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நல்ல ஸ்டட் என்றால் ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் கடைசி வரை பதிந்து, நடுவில் வெளிச்சம் வராது. நீண்டுபோன ஸ்டட் என்றால் முதல் சில பற்கள் பொருந்தும், அப்புறம் மெல்ல மெல்ல விலகிப் பல்லின் மேல் பல் ஏற ஆரம்பிக்கும், இடையில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

மரை இல்லாத நடுப்பகுதியை வெர்னியர் காலிப்பர் வைத்து மூன்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களில் நடுப்பகுதியை வேண்டுமென்றே மெலிதாகவே செய்திருப்பார்கள், மெலிந்த தண்டு சீராக நீளும் என்பதற்காக. எல்லா ஸ்டடிலும் ஒரே அளவில், ஒழுங்கான விளிம்போடு மெலிந்திருந்தால் அது வடிவமைப்பு. ஒன்றிரண்டில் மட்டும், ஓர் இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கினால் அது சேதம்.

துருவை எப்படி எடைபோடுவது? பிரஷ் போட்டால் போய்விடுகிற பழுப்புக் கறை ஒன்றும் செய்யாது. பிரஷ் போட்ட பிறகும் கருப்புப் புள்ளியாகக் குழி நிற்கிறதா, அதன் மேல் விரல் நகத்தை ஓட்டினால் மாட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டினால் அந்த ஸ்டட் வேண்டாம், நீளம் சரியாக இருந்தாலும் வேண்டாம். நொடிக்கு 25 தடவை விசை ஏறி இறங்கும் ஒரு கம்பியில் விரிசல் தொடங்குவது அப்படிப்பட்ட குழியின் அடியில்தான். குழி இருக்கும் இடமும் பெரும்பாலும் கேஸ்கெட் மட்டத்திலோ தண்ணீர் படும் பகுதியிலோ இருக்கும், அதனால் முதலில் அங்கே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் பற்றிக் கவலை இருந்தால், கிராங்க் ஷாஃப்ட்டைக் காந்தத் தூள் போட்டு விரிசல் பார்க்கிற லேத் ஒர்க்‌ஷாப்பிலேயே ஸ்டட்களையும் கொடுத்துவிடலாம்.

சரி, ஸ்டட் பிளாக்கிலேயே இருக்கும்போது என்ன செய்வது, கழற்றித்தான் ஆக வேண்டுமா? ஹெட் கேஸ்கெட் மட்டும் மாற்றுகிறீர்கள், நட் எல்லாம் ஒழுங்கான இறுக்கத்தில் கழன்றன, மேல் மரையும் நடுப்பகுதியும் நன்றாக இருக்கின்றன என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பல வருஷமாக நகராத ஸ்டடைச் சும்மா பார்ப்பதற்காகத் திருகி உடைத்துக்கொள்வது தேவையில்லாத வேலை. முழு இன்ஜின் வேலை என்றால் கதை வேறு. பிளாக்கின் மேல்முகத்தை ஃபேசிங் செய்ய, அதாவது சமமாகச் சீவ, வேண்டுமானால் ஸ்டட் வெளியே வந்தாக வேண்டும், வாட்டர் ஜாக்கெட்டை நன்றாகச் சுத்தம் செய்யவும் வந்தால் நல்லது. கழற்ற, இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருகுவது பழைய வழி. வரவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய், ஓர் இரவு பொறுமை, பிளாக்கில் ஸ்டட்டைச் சுற்றிக் கொஞ்சம் சூடு. ரோலர் வைத்த ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் இருந்தால் இன்னும் நல்லது. பைப் ரெஞ்ச் போட்டுக் கடித்துக் கழற்றிய ஸ்டடை மட்டும் திரும்பப் போடாதீர்கள், அந்தப் பல் தடமும் துருக்குழி செய்யும் வேலையைத்தான் செய்யும்.

ஸ்டட் வெளியே வந்ததும் எல்லாரும் ஸ்டடைத்தான் பார்ப்பார்கள். அது இருந்த ஓட்டையைப் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். வருஷக்கணக்கில் மேலே இழுபட்டு, ஓட்டையின் வாயைச் சுற்றியுள்ள உலோகம் லேசாக உப்பி எழுந்திருக்கும். ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் தெரியும், எண்ணெய்க்கல்லை மேலே ஓட்டினால் அந்த வளையம் மட்டும் பளிச்சென்று மின்னும். அந்த மேடு இருக்கும் வரை கேஸ்கெட் சுற்றிலும் சரியாக அமுங்காது, எவ்வளவு விலை கொடுத்துப் புது ஸ்டட் வாங்கினாலும் பயனில்லை. ஃபேசிங் செய்து, ஓட்டையின் வாயில் சிறு சரிவு வெட்டிவிட வேண்டும். உள்ளே மரை பிய்ந்திருந்தால் புது மரை கொண்ட ஸ்டீல் இன்சர்ட் போட வேண்டும், அதற்கும் மாற்று கிடையாது. போர்ஷே 911-இன் 2.7 லிட்டர் இன்ஜினில் மெக்னீசியம் கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிக்கூடு) ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது எல்லாரும் அறிந்த தொல்லை, அங்கே இன்சர்ட் போடாமல் இன்ஜின் கட்டுவதே வீண்.

இப்போது முடிவு. ஒரு ஸ்டட் நீண்டிருந்தால் மற்றவையும் அதே கைகளிலும் அதே சூட்டிலும் இருந்தவைதான், அதனால் முழு செட்டாக மாற்றுங்கள். துருக்குழி இருந்தாலும் முழு செட்டாகவே மாற்றுங்கள். எல்லாச் சோதனையும் தேறிய அசல் ஸ்டட்களை, நல்ல தரம் என்று தெரிந்த புது செட் கைக்குக் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் திரும்பப் போடுவேன். பெயர் தெரியாத, தர அடையாளம் இல்லாத மலிவு ஸ்டட் அசலைவிட மென்மையான ஸ்டீலாக இருக்கலாம், டைட் வைக்கும்போதே நீள ஆரம்பித்துவிடும். அதைவிடத் தேறிய பழையதே மேல். இன்ஜினுடைய வரலாறே தெரியாது, போரும் கம்ப்ரஷனும் ஏற்றுகிறீர்கள், நல்ல செட்டும் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எதைச் செய்தாலும் நட்டும் வாஷரும் மட்டும் புதுசு போடுங்கள். குழிந்துபோன வாஷர் மேல் நட் வழுக்காமல் பிடித்துத் திருகும், டார்க் ரெஞ்ச் காட்டுகிற எண் பொய்யாகிவிடும்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டார்க் ரெஞ்சில் நீங்கள் போடும் உழைப்பில் ஏறக்குறைய பாதி நட்டின் அடியில் உராய்விலும், நாற்பது சதவீதம் மரை உராய்விலும் போய்விடும், ஸ்டடை இழுக்க மிஞ்சுவது பத்து சதவீதம்தான். அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவிசை நிறையவே மாறும். முன்னே சொன்ன அதே 50 அடி-பவுண்டில், துருப்பிடித்து உலர்ந்த மரையில் மூன்றரை டன்னுக்குப் பதில் இரண்டரை டன்கூடக் கிடைக்காமல் போகலாம். ஏஆர்பி மாதிரி கம்பெனிகள் விற்கும் நல்ல ஸ்டட் செட்டோடு அவர்களே தனி லூப்ரிகன்ட்டும் தனி டார்க் எண்ணும் கொடுப்பது இதனால்தான். அவர்களுடைய ஸ்டடுக்கு அவர்களுடைய எண், அசல் ஸ்டடுக்கு மேனுவல் எண், இரண்டையும் கலக்கக் கூடாது.

பலமான ஸ்டட் என்றால் இன்னும் இறுக்கலாம் என்கிற ஆசையும் வேண்டாம். ஸ்டட் தாங்கும், பிளாக்கின் மரை தாங்க வேண்டுமே. அளவுக்கு மேல் இழுத்தால் போரின் வாய்ப்பகுதியே வட்டம் கெடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் ஏர் கூல்டு இன்ஜினில் முதலில் 10 மில்லிமீட்டர் ஸ்டட்தான் இருந்தது. 1970-களில் கம்பெனி அதை 8 மில்லிமீட்டராகக் குறைத்து, கிராங்க்கேஸில் ஸ்டீல் இன்சர்ட்டும் போட்டது. மெலிந்த ஸ்டட் நன்றாக நீளும், சூட்டில் சிலிண்டர் வளரும்போது கேஸைப் பிய்க்காமல் கூடவே கொடுத்துப் போகும்.

மாட்டும்போது ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடி மூடிய ஓட்டையில் திரவத்தை வைத்துக்கொண்டு ஸ்டடைத் திருகினால் அதற்குப் போக வழியில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். காற்றடித்து ஊதுங்கள், மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப் போடாமல் மரை சுத்தம் செய்வதற்கென்றே இருக்கும் சேஸர் போடுங்கள், டேப் நல்ல உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். ஓட்டை வாட்டர் ஜாக்கெட்டுக்குள் திறந்தால் கீழ் மரையில் சீலன்ட் வேண்டும். மேனுவல் வேறு எதுவும் சொல்லாதவரை ஸ்டடைக் கையால் இறுக்கினாலே போதும். பிறகு ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மூன்று கட்டமாக டார்க் ஏற்றுங்கள். கடைசிக் கட்டத்தில் ஏதாவது ஒரு நட் திரும்பிக்கொண்டே போகிறது, ரெஞ்ச் கனக்கவே இல்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஸ்டட் நீள்கிறது, இல்லை பிளாக்கின் மரை வருகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்று நினைக்காமல் ஹெட்டை மறுபடி தூக்கிப் பார்த்துவிடுவதுதான் வழி.

பழைய மாதிரி கேஸ்கெட் போட்டிருந்தால் ஒரு தடவை இன்ஜினை முழுச் சூட்டுக்கு ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, திரும்ப டார்க் பார்க்க வேண்டும், கேஸ்கெட் அமுங்கியதில் ஸ்டட் தன் கால் மில்லிமீட்டரில் கொஞ்சத்தை இழந்திருக்கும். அப்போது நட்டின் மேல் நேரடியாக ரெஞ்சை வைத்து க்ளிக் கேட்டதும் விட்டுவிடாதீர்கள், நின்றுபோன நட் முதலில் நகர மறுக்கும், அந்த க்ளிக்கை நம்ப முடியாது. ஒவ்வொரு நட்டாக, அதே வரிசையில், கால் சுற்று லூஸ் செய்து உடனே முழு டார்க்குக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திரும்ப டார்க் வைக்கத் தேவையில்லை என்று கேஸ்கெட் உறையிலேயே அச்சடித்திருந்தால் அதன்படியே விட்டுவிடலாம்.